ராசையா அண்ணாச்சி கேட்ட ஒரு ஓவர்

மதுரையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதனால் வந்த வினை இது.

பார்சல் எனக்கு வரவில்லை. எனக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? எங்கள் சங்கரன்கோவிலில் புதிதாக ஆரம்பித்திருக்கும் கிரிக்கெட் கிளப்புக்கு வந்தது. காப்பி கிளப் பெஞ்சில் வைத்துத்தான் சாக்கைப் பிரித்தார்கள். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதனுக்கு வீடு என்பது படுத்து எழுந்திருக்கிற இடம்; மற்ற நேரத்துக்குக் காப்பி கிளப். ஒரு டம்ளர் காப்பியை எவ்வளவு நேரம் குடிக்கலாம் என்று என்னைக் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

சாக்குக்குள் என்ன இருந்தது? சிவப்பாக, பளபளவென்று, தையல் போட்ட தோல் பந்து. இரண்டு கால்களுக்கும் பேடு. இரண்டு கால்களுக்கும்! எங்கள் காலத்தில் ஊருக்கே ஒரு ஜோடிதான். இந்த முனையில் நிற்பவர் ஒன்று, அந்த முனையில் நிற்பவர் ஒன்று என்று கட்டிக்கொள்வார்கள். விக்கெட் கீப்பருக்குக் கையுறை. பிட்சில் விரிக்கத் தேங்காய் நார் மேட்டிங் ஒரு சுருள். கடைசியாக, அடியில் ஆணி வைத்த வெள்ளை பூட்ஸ்.

பையன்கள் பூட்ஸைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். கைக்குழந்தையைக் கூட யாரும் அப்படி மாற்றி மாற்றி வாங்கமாட்டார்கள்.

கிளப்புக்குக் கேப்டன் ஆசீர். பாளையங்கோட்டைப் பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலேஜ் டீமில் ஆடியவர். மட்டையைப் பிடித்து நிற்கிற நிற்பிலேயே அது தெரியும். ரொம்ப மரியாதைக்காரர். எதிரே பெரியவர்கள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அவர்கள் போன பிறகுதான் ஏறுவார்.

அவர்தான் என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க டீம்ல மெயில் ராசையான்னு ஒருத்தரு பவுலிங் போட்டாராம்லா... இந்தப் பந்தும் பூட்ஸும் அவருக்குக் கெடச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

கேட்டாரோ இல்லையோ, காப்பி கிளப் முழுக்கப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

மெட்ராஸ் ராஜதானிக்கே ஆடியிருப்பார் என்றார் ஒருவர். ஸ்டம்பு மூன்றும் ரயிலடியில் போய் விழுந்திருக்கும் என்றார் இன்னொருவர். இவர் ராசையா பந்து போட்டுப் பார்த்ததே கிடையாது. அந்தச் சமயத்தில் ராயகிரியில் மாமனார் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அதனால் என்ன? அந்தக் காலத்து ஆட்டக்காரர் இந்தக் காலத்துச் சாமானோடு இறங்கினால் எப்படி என்ற வழக்கு எல்லா ஊரிலும் நடக்கிறது. யாரும் தோற்க முடியாத வழக்கு என்பதால் எல்லோரும் வக்கீல்.

அப்போதுதான் பத்திர ஆபீஸ் சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். பத்திரம் எழுதுகிறவர். ஒரு வாக்கியத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே அவருக்குத் தொழில்.

"ராசையாவுக்கு பூட்ஸ் கெடச்சா என்ன, கெடைக்காட்டா என்னவே? எதிராளிக்குல்லா கெடச்சிருக்கணும்! அவன் பூட்ஸ் போட்டு நின்னிருந்தா இவருக்கு ஒரு விக்கெட் விழுந்திருக்குமா?"

பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். ஆசீருக்கு மட்டும் விளங்கவில்லை. வெளியூர் வாசகர்களுக்கும் விளங்கியிருக்காது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மண் கரிசல். கோடையில் வெடித்துக் கிடக்கும். ஒரு ஆள் கால் உள்ளே போய்விடும், பந்து போகாதா? அதனால் உலகச் சண்டை நடந்த வருஷங்களில், ஊருக்கு மேற்கே பொட்டலில் நாங்கள் பிட்ச் போட்டபோது, சுற்றுவட்டாரக் காட்டில் இருந்த புற்றையெல்லாம் வெட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். புற்றுமண்ணைக் குழைத்து, அடித்து, காயவைத்தால் சிமெண்டு தோற்றுப்போகும். பந்து சும்மா பறக்கும்.

எல்லாம் சரி. ஆனால் இது சங்கரன்கோவில் அல்லவா! கோவிலில் புற்றுமண்ணை வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதைத்தான் ஒரு சிட்டிகை வாயில் போடுவார்கள். அந்த ஊரில் புற்றுமண்மேல் செருப்புக் காலோடு நிற்கலாமா? கோவில் புற்று இல்லை, காட்டுப் புற்றுதான் என்று சொல்லிப் பார்த்தோம். "காட்டுலன்னா சாமி இல்லியா?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்குமேல் என்ன பேச? பிட்சில் யார் இறங்கினாலும் வெறுங்கால். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன், அம்பயர் எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

எங்களுக்குக் கவலை இல்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து வெறுங்கால்தான். வெளியூர் டீம்களின் கதியை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓடிய பஸ்ஸில், வழியெல்லாம் நின்று நின்று, மத்தியானம்தான் வந்து இறங்குவார்கள். வந்ததும் பூட்ஸைக் கழற்று என்போம். வாதாடிப் பார்ப்பார்கள். எல்லைக்கோட்டைச் சுற்றி நிற்கிற ஜனத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பிட்ச் எப்படி இருக்கும்? அப்பளம் வைத்தால் பொரியும். பாவம், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் மெயில் ராசையா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பொட்டலின் அந்தக் கோடியிலிருந்து, பேருக்கேற்ற மாதிரி மெயில் ரயிலாக ஓடி வருவார்...

ஸ்டம்பு பறக்கும். ஊர் ஆடும். நான் விக்கெட் கீப்பர். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பேன். எத்தனை தடவை அவரைத் தோளில் தூக்கியிருக்கிறோம்!

வந்த டீம் எதுவும் எங்களை அவர்கள் ஊருக்கு ஆடக் கூப்பிட்டதில்லை. அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை.

சங்கரலிங்கம் சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. வெளியூர்க்காரர்கள் பந்துக்கு விழுந்தார்களா, சூட்டுக்கு விழுந்தார்களா என்று ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரியாது. நான் பார்த்தது முதுகைத்தான்.

ஆசீர்தான் விடவில்லை. "பழைய டீமுக்கும் புது டீமுக்கும் ஒரு மேட்ச் வச்சிருவோம் அண்ணாச்சி. மேட்டிங் வந்துட்டு, புத்துமண் இப்ப கெடையாது. எல்லாரும் பூட்ஸ் போட்டே ஆடலாம்" என்றார்.

பழைய டீம்... அன்று சாயங்காலம் அறைக்கு வந்து விரல்விட்டு எண்ணினேன். முதல் ஆட்டக்காரர் பம்பாயில். அவருடைய தம்பி சண்டையில் பர்மா போனவன், வரவில்லை. இரண்டு பேர் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்கள். ஒருவர் அம்மை கண்டு போய்விட்டார். ஒருவர் மெட்ராஸில் பெரிய உத்தியோகம். ஊர்ப்பக்கம் வந்தாலும் என்னைக் கண்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எண்ணிக்கொண்டே போனால், இந்தப் பக்கத்தில் மிச்சம் நானும் ராசையா அண்ணாச்சியும்தான். இரண்டு பேரை வைத்து டீம் சேர்க்க முடியுமா? ஆசீரிடம் சொன்னேன். "அப்ப அவரு ஒரு ஓவர் போடட்டும் அண்ணாச்சி. நான் நிக்கேன். நீங்க கீப்பர்" என்றார். பந்தையும் பூட்ஸையும் என் பையில் போட்டுக் கொடுத்தார்.

அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறார். பஸ் பிடித்துப் போனேன். காலை ஏலம் முடிந்து மார்க்கெட் ஓய்ந்திருந்தது. கடைக்குள் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழையிலையில் சோறு, மோர், ஊறுகாய். எலுமிச்சை ஊறுகாய்தான், வேறென்ன?

அவர் சம்சாரம் தவறி ரெண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகளை இளையரசனேந்தலில் கட்டிக் கொடுத்திருக்கிறார். தை மாசம் பொங்கப்படிச் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஏன், ஒரு நாள் தங்கினால் என்ன என்று கேட்டால், "அங்கன எல்லாரும் எந்திரிச்சி நிக்காவ. எனக்குச் சங்கடமா இருக்கு" என்பார்.

என்னைப் பார்த்ததும் அவரே எழுந்துவிட்டார். "வாரும்வே கீப்பர்! சாப்பிட்டீரா?"

பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். தையலை விரலால் தடவினார். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாங்கள் ஆடிய கார்க் பந்து இதற்கு முன்னால் வெறும் கட்டை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

காப்பி கிளப் பேச்சைச் சொன்னேன். சங்கரலிங்கம் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

"எனக்கு இது கெடச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்னு சொல்லுதாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. ஊரே சொல்லுது."

"ஒருத்தன்கூடவா வெயிலச் சொல்லல?"

நான் சாக்கிலிருந்து ஒரு எலுமிச்சங்காயை எடுத்து உருட்டினேன். அவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீராவே? ஓடி வரும்போது எனக்கு எதுக்க நிக்கவன் மொகம் தெரியும்லா. பாதிப் பேரு பந்தையே பாக்கலவே, கீழ கால பாத்துக்கிட்டு நின்னான். வெயிலு எடுத்துக் குடுத்த விக்கெட்டு கொஞ்சம் உண்டு. நான் எடுத்ததும் கொஞ்சம் இருக்கும்லா? எது எவ்வளவுன்னுதான் தெரியல."

பந்தைச் சாக்கின்மேல் வைத்தார். அது உருண்டு எலுமிச்சைக் குவியலில் போய் நின்றது.

"அவ இருந்தவரைக்கும் இந்த நெனப்பு வந்ததில்லவே. கடைய அடச்சிட்டு வீட்டுக்குப் போனா ஏதாவது பேசிக்கிட்டே இருப்பா. இப்ப மத்தியானம் ஆச்சின்னா இங்கன ஈ, காக்கா கெடையாது. சும்மா இருக்கையில இதுதான் வருது. நான் நெசமாவே போட்டேனா, இல்ல ஊரு சேந்து என்னைய ஏமாத்திட்டான்னு..."

மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கும் சங்கரன்கோவில் பஜாரில் நடந்தால் "மெயில் போறாரு" என்பார்கள். அந்தப் பெயர் அவருடையதா, சித்திரை வெயிலுடையதா என்று அவருக்கே தெரியவில்லை. யாரிடம் கேட்பார்? கேட்டால் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள மாதிரி உண்டுமா அண்ணாச்சி" என்பார்கள்.

"பூட்ஸ் போட்டு நல்லா நிக்கத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு நான் ஒரு ஓவர் போடணும். அவ்வளவுதான். அவன் அடிச்சாம்னா அடிக்கட்டும். தெரிஞ்சிக்கிடுதேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "இத யார்ட்டயும் சொல்லிராதயும். சொன்னா அவன் பாத்துப் பாத்து ஆடுவான்."

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றார். பத்திரிகையில் எழுதாதே என்று அவர் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மத்தியான ஆட்டத்துக்குக் காலையிலேயே! என் அறையில் உட்கார்ந்திருந்தார். இட்லி வாங்கிக் கொடுத்தேன், பாதியை வைத்துவிட்டார். சீக்கிரமே பொட்டலுக்குப் போய்விடலாம் என்றார். போனோம். எங்கள் பழைய பிட்ச் எத்தனையோ மழையில் கரைந்து போய்விட்டது. அதே இடத்தில் சரளைப் பரப்பி, மேட்டிங் விரித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். காலால் அமுக்கிப் பார்த்தார். வேறு யாருமே வரவில்லை. வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் கூட்டம் வந்தது. நல்ல கூட்டம். சங்கரலிங்கம்கூட குடையோடு வந்திருந்தார். ஆசீர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், பூட்ஸ், இரண்டு கால்களிலும் பேடு என்று மாப்பிள்ளை மாதிரி வந்தார். அண்ணாச்சியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அண்ணாச்சி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மதுரை பூட்ஸில் காலை நுழைத்தார். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கையுறை போட்டுக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் தள்ளி நின்றேன்.

முதல் பந்து. ஓடி வந்தார்... அது அவர் ஓட்டமே இல்லை. சேற்றில் மாடு நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து வந்தார். பந்து என் தலைக்குமேல் போனது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது பந்து ஆசீரின் கால் பக்கம் எங்கேயோ வெளியே போய் விழுந்து உருண்டது. ஆசீர் அதை அடிக்காமல் விட்டார். இதைத்தான் நாம் நவீன உபகரணம் என்று கொண்டாடுகிறோம்! பூட்ஸ் இல்லாததால் அவர் முன்னுக்கு வரவில்லை என்று பேசினார்களே, பூட்ஸ் போட்ட அண்ணாச்சியை ஊர் இப்போதுதான் பார்த்தது.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்தார். லேஸை அவிழ்த்தார். "எனக்கு இது ஆகாதுவே, கால் தரையத் தொடவே மாட்டேங்கு" என்று சத்தமாகச் சொன்னார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பொட்டலின் கோடிக்கு நடந்தார். நடையே மாறிவிட்டது. நான் இன்னும் நாலடி பின்னால் தள்ளி நின்றேன். மெயில் வரப்போகிறது!

அண்ணாச்சி வெறுங்கால், ஆசீர் பூட்ஸ். அவர் கேட்டது இதுதானே? இதைவிடச் சரியாக யார் ஏற்பாடு செய்ய முடியும்?

அந்தச் சமயத்தில்தான் ஆசீர் மட்டையைக் கீழே வைத்தார். குனிந்தார். தன் பூட்ஸ் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் கை தட்டிவிட்டது. இப்படியொரு கைதட்டல் எங்கள் ஊரில் சமீபத்தில் எந்த மந்திரிக்கும் விழுந்ததில்லை. கோடியில் நின்ற அண்ணாச்சி கையை உயர்த்தி ஆட்டினார்.

"வேண்டாம்வே! போட்டுக்கிடும்! போட்டுக்கிட்டே நில்லும்!"

"இல்ல அண்ணாச்சி," என்றார் ஆசீர். "நீங்க வெறுங்கால்ல வரும்போது நான் எப்படி பூட்ஸோட நிக்க முடியும்? மரியாதையா இருக்காது."

மறுபடியும் கைதட்டல். நல்லா வளத்திருக்காவ என்று யாரோ ஆசீருடைய அப்பா அம்மாவை வாழ்த்தினார்கள். அண்ணாச்சி கையை இறக்கிவிட்டார். அத்தனை ஜனத்துக்கு நடுவில், எனக்கு மரியாதை வேண்டாம் என்று ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? சொன்னாலும் அதையும் பெருந்தன்மை என்பார்கள்.

ஓடி வந்தார். வயசு நாற்பத்தைந்து இருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தப் பழைய ஓட்டம், தோளுக்குமேல் அந்தப் பழைய கை. ஆசீர் மட்டையை நீட்டினார். அவர் நீட்டி முடிப்பதற்குள் பந்து கடந்துவிட்டது. என் கையுறையில் அறைந்தது. இடது மோதிர விரலில் சுரீரென்றது. தலைவரைக்கும் ஏறியது.

அடுத்த பந்தில் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போனது.

அவ்வளவுதான். மிச்சப் பந்தைப் போட யார் விட்டார்கள்? கூட்டம் உள்ளே வந்துவிட்டது. மாலை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கழுத்தில் விழுந்தது. சோடாவை உடைத்துக் கொடுத்தார்கள். சங்கரலிங்கமே குடையை மடக்கிவிட்டு வந்து கையைக் குலுக்கினார். "நான் சொன்னது தப்பு அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க" என்றார். அவர் என்ன சொன்னார் என்று அண்ணாச்சி கேட்கவில்லை.

ஆசீர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, எனக்குப் பந்து கண்ணுலயே படல. காலேஜ்லகூட இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல."

அண்ணாச்சி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "நல்ல பிள்ளை," என்றார். "நல்லா இரும்." வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த சரளில் நின்றுகொண்டிருந்த ஆசீர் அப்போதும் காலை மாற்றி மாற்றித்தான் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"இன்னொரு ஓவர் கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி? அவர் பூட்ஸோட நிக்கட்டும்னு கண்டிஷனாச் சொல்லியிருக்கலாம்."

"எப்படிவே கேக்க? அவன் அவ்வளவு பெரிய மனசு பண்ணி கழத்துதான். நான் போயி, இல்லப்பா நீ போட்டுக்கிட்டு என்னைய அடின்னு சொன்னா அவனுக்கு எப்படி இருக்கும்?"

மாலையை மடியில் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீரு பின்னால நின்னீரு. நீரு சொல்லும். வேகமா இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி. பழைய வேகம். அதுக்கும் மேல."

என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். என்னை நம்பவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை! முடியவில்லை.

"நீரும் ஆரம்பிச்சிட்டீரா?" என்று சிரித்தார். புளியங்குடி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாலை மடியிலேயே இருந்தது. பஸ் நகர்ந்தபோது கையை ஆட்டினார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துக்கொண்டிருந்தார்.

நான் நடந்து அறைக்கு வந்தேன். வாசகர்களே, உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. ஒரு ஊரே சேர்ந்து ஒரு மனிதரை மேலே மேலே ஏற்றிவைத்துவிடுகிறது. அங்கே அவரோடு பேச ஆள் கிடையாது. நம் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சீட்டு ஆடினால் விட்டுக்கொடுக்கிறோம். வாதம் வந்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். அவர்கள் சொன்ன கணக்கு தப்பென்றால், பிறகு தனியாகத் திருத்திக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களோடு கடைசியாக எப்போது நிஜமாக ஆடினோம்?

மறுநாள் காலையில் என் விரல் வாழைக்காய் பருமனுக்கு வீங்கிவிட்டது. டாக்டரிடம் போனேன். கும்பகோணத்துக்காரர். ஊருக்குப் புதிது. கிரிக்கெட் வீசை என்ன விலை என்று கேட்கிறவர். மெயில் ராசையா என்ற பெயரையே கேள்விப்படாத மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு முறிந்திருக்கிறது என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார். பந்து பட்டது, கையுறை போட்டிருந்தேன் என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும் ஸார். மனுஷன் எறிஞ்ச பந்து கையுறைக்குள்ள இருக்கிற விரலை இப்படிப் பண்ணாது. வண்டிச் சக்கரத்துல விட்டீங்களா, மில்லுல மெஷின்ல விட்டீங்களா?"

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. 'ஏதோ இயந்திரத்தில் சிக்கிய காயம்' என்றுதான் மருந்துச் சீட்டில் எழுதினார்.

அந்தச் சீட்டோடு அன்றைக்கே புளியங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அண்ணாச்சி அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரெண்டு தடவை படித்தார். என் விரலில் டாக்டர் போட்ட கட்டைப் பார்த்தார். பிறகு சீட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "எனக்காக டாக்டர்ட்டயும் போயிச் சொல்லி வச்சீராக்கும்!"